தனிவழியும் திருக்கூட்டமும்: இரட்சணிய யாத்திரிகத்தில் பன்யன் மரபு

தமிழில் எழுந்த கிறித்தவக் காப்பியங்களுள் தேம்பாவணிக்கு அடுத்து வைத்து எண்ணப்படுவது இரட்சணிய யாத்திரிகம். எச். ஏ. கிருட்டிணபிள்ளை இயற்றிய இந்நூல் 1894-ஆம் ஆண்டு வெளிவந்தது. இதனைப் பற்றிய மதிப்பீடுகள் பெரும்பாலும் இருவகையாகவே அமைகின்றன. ஆசிரியரைக் கிறித்தவக் கம்பர் எனப் போற்றி, விருத்தத்தின் ஓட்டத்தையும் சொல்வளத்தையும் எடுத்துக்காட்டி மகிழ்வோர் ஒருசாரார். சான் பன்யன் என்னும் ஆங்கில ஆசிரியரின் மோட்சப் பயண நூலைத் தழுவியதாகலின் முதனூலுக்குரிய தகுதி இதற்கு இல்லை என்று ஒதுக்குவோர் மற்றொரு சாரார். இவ்விரு திறத்தாரும் பெரும்பாலும் எழுப்பாது விட்ட வினா ஒன்று உண்டு. பன்யனின் நூல் எத்தகைய சமய வாழ்விலிருந்து பிறந்தது? அவ்வாழ்வின் உயிர் தமிழ்க் காப்பியத்துள் எவ்வளவிற்கு வந்து சேர்ந்தது? இவ்வினாவிற்கு விடை காணாமல் தழுவலின் வெற்றியையோ தோல்வியையோ கூறுதல் பொருந்தாது. கதை ஒத்திருத்தலை மட்டும் கண்டு மகிழ்தலும், கதை பிறிதொரு மொழியது என்பதை மட்டும் கண்டு இகழ்தலும் திறனாய்வு ஆகா.

இக்கட்டுரை நிறுவ முயல்வது இது: பன்யனின் நூல் பாப்டிஸ்டு மரபின் இரு கண்களாகிய தனியுள்ளத்தின் துணிவையும், துணிந்தோர் கூடிய கூட்டத்தின் உறவையும் ஒருங்கே கொண்டது. அவற்றுள் முன்னையது தமிழில் முழுமையாக வந்தது. ஆயினும் அது வந்து நின்ற இடம் காப்பிய விருத்தம் அன்று, நூலினிடையே அமைந்த தேவாரப் பாடல்களே ஆம். பின்னையது தமிழில் வந்து சேரவில்லை. இக்குறை ஒரு புலவரின் குறையன்று. அவர் தேர்ந்த இலக்கிய வகையின் இயல்பால் விளைந்தது.

1. மரபின் தோற்றம்

பாப்டிஸ்டு சபையின் தொடக்கம் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தது. இங்கிலாந்தில் மன்னரே திருச்சபையின் தலைமையும் பூண்டிருந்த காலம் அது. பிறந்த குழந்தை சின்னாளில் திருமுழுக்குப் பெற்று, நாட்டின் குடியாதல் போலவே சபையின் குடியும் ஆகிவிடும். இதனை ஏற்காது ஆலந்து நாட்டின் ஆம்சுடர்டாம் நகரில் குடியேறியவருள் சான் சுமித் என்பார் ஒருவர். நம்பிக்கையைத் தானே உணர்ந்து தன் வாயால் அறிவிப்பவனுக்கே திருமுழுக்கு உரியது என்று துணிந்த அவர், 1609-இல் முதற்கண் தமக்குத் தாமே அதனைச் செய்துகொண்டார். அவரோடு இருந்த தாமசு எல்விசு தாயகம் திரும்பி, இலண்டனை அடுத்த இசுபிட்டல்பீல்ட்சு என்னுமிடத்தில் ஆங்கில நாட்டின் முதல் பாப்டிஸ்டு சபையை நிறுவினார். சமய நம்பிக்கையின்மேல் மன்னனுக்கு அதிகாரம் இல்லை என்றும், இவ்வுரிமை தம்மவர்க்கு மட்டுமன்றி யூதர், துருக்கர் முதலிய எவர்க்கும் பொது என்றும் 1612-இல் நூல் எழுதிய அவர் சிறையிலேயே மறைந்தார்.

இவ்வரலாற்றிலிருந்து இரு கொள்கைகள் புலனாகின்றன. நம்பிக்கை பிறப்பால் வருவதன்று, ஒருவன் தன் உள்ளத்தே துணிந்து கொள்வது என்பது ஒன்று. அவ்வாறு துணிந்தோர் தம்முள் உடன்பட்டுக் கூடுவதே சபை என்பது மற்றொன்று. அரசின் ஆணை உள்ளத்தின்மேல் செல்லாது என்பது இவ்விரண்டினின்றும் பிறக்கும் முடிபு. முதற்கொள்கையை மட்டும் கொண்டால் ஒவ்வொருவனும் தனித்துப் போவான். இரண்டாவதை மட்டும் கொண்டால் கூட்டம் மீண்டும் ஒரு குலமாகிவிடும். இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்றலே இம்மரபின் தனித்தன்மை என்க.

2. பன்யனும் அவர் நூலும்

சான் பன்யன் 1628-இல் பெட்போர்டு நகரை அடுத்த எல்சுடோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை ஓட்டைப் பாத்திரங்களை அடைத்துக் கொடுக்கும் தொழிலாளர்; மகனும் அத்தொழிலே செய்தார். கல்லூரி கண்டவர் அல்லர். பெட்போர்டிலிருந்த ஒரு சிறு சபையிற் சேர்ந்து, பின்னர் அங்கே மறையுரை ஆற்றலானார். அரசின் ஒப்புதல் இன்றி மறையுரை ஆற்றிய குற்றத்திற்காக 1660-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் சிறைப்பட்டார். இனி அவ்வாறு செய்வதில்லை என்று ஒரு சொல் கூறியிருப்பின் வீடு திரும்பியிருக்கலாம். அதனைக் கூற மறுத்தமையால் 1672 வரை பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிலிருந்தார். அங்கே காலணி வார்களுக்கு முனை கட்டும் வேலை செய்து குடும்பத்தைக் காத்தார். கண்பார்வையற்ற மகளைப் பிரிந்திருத்தலே சிறையின் பெருந்துன்பமாக அவர்க்கு இருந்தது. தம் உள்ளப் போராட்டத்தை விரித்துரைக்கும் தன்வரலாற்றை 1666-இல் வெளியிட்டார். மோட்சப் பயண நூலின் முதற்பகுதி 1678-இலும் இரண்டாம் பகுதி 1684-இலும் வெளிவந்தன. 1688-இல் அவர் மறைந்தார்.

பன்யனைப் பாப்டிஸ்டு என்றல் முற்றும் பொருந்துமா என்று வினவுவோர் உளர். அவர் சார்ந்த சபை, நம்பிக்கை அறிவித்தோர்க்குரிய முழுக்கை ஏற்றதேயன்றி, அம்முறையில் வேறுபட்டோரை விலக்கவில்லை. 1673-இல் இது குறித்தே ஒரு நூல் எழுதி, முழுக்கு முறையைப் பற்றிய கருத்து வேறுபாடு திருவிருந்தில் ஒன்றுபடுதற்குத் தடையாகாது என்று வாதிட்டார். வில்லியம் கிபின் முதலிய பாப்டிஸ்டுகளே அவரை மறுத்தெழுதினர். ஆகவே அவர் அம்மரபின் உள்ளே நின்று, அதன் வாயிலை அகலத் திறக்க முயன்றவர் எனல் தகும்.

அவர் நூலின் அமைப்பில் மூன்று இயல்புகள் முதன்மையானவை. முதலாவது தனிமை. அழிவின் நகரத்தை விட்டோடும் வழிப்போக்கன் தன் மனைவி மக்கள் அழைக்கும் குரல் கேளாதபடி விரல்களால் செவிகளை அடைத்துக்கொண்டு ஓடுகின்றான். அவனைப் போகுமாறு ஏவிய மன்னன் இல்லை. வழியனுப்பிய ஊர் இல்லை. இரண்டாவது உரையாடல். நூலின் பெரும்பகுதி இருவர் வழிநடந்துகொண்டே பேசும் பேச்சு. ஒருவன் தன் அனுபவத்தைக் கூற மற்றவன் வினவுகின்றான். இது அக்காலச் சிறு சபைகளில் ஒவ்வொருவரும் எழுந்து தம் நம்பிக்கையின் வரலாற்றைக் கூறிய வழக்கத்தின் இலக்கிய வடிவமாகும். மூன்றாவது எளிமை. ஆங்கில விவிலியத்தின் நடையும் ஊர்ப்புறத்துப் பேச்சும் கலந்த உரைநடை அது. கருத்துகளுக்கு ஆள்வடிவம் கொடுத்தவிடத்தும் அவ்வாட்கள் பெட்போர்டின் அண்டை வீட்டார் போலவே பேசுகின்றனர். ஆசிரியர் மறைவதற்குள் முதற்பகுதி பதினொரு பதிப்புகள் கண்டமை இவ்வெளிமையின் பயன்.

இரண்டாம் பகுதியின் இடத்தையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். முதற்பகுதியில் கணவனைப் போகவிடாது அழைத்த மனைவியே இதில் தன் மக்களோடு புறப்படுகின்றாள். வழியில் வலிகுன்றியோரும் கால் ஊனமுற்றோரும் அஞ்சுவோரும் சேர்ந்து ஒரு கூட்டமாகின்றனர். விரைந்து நடப்பவன் மெல்ல நடப்பவனுக்காகக் காத்திருக்கின்றான். முதற்பகுதி துணிவின் நூல் எனின், இரண்டாம் பகுதி கூட்டத்தின் நூல். இரண்டும் சேர்ந்ததே பன்யனின் முழுநோக்கு.

3. காப்பியமாக மாறியபோது

கிருட்டிணபிள்ளை 1827-இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியில் தோன்றியவர்; கம்பனிலும் திவ்வியப் பிரபந்தத்திலும் தோய்ந்தவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றுக் கிறித்தவரானார். அவர் சேர்ந்தது ஆங்கிலிக்கன் சபை. பன்யனைச் சிறையிலிட்ட அரசு சார்ந்த சபையின் வழிவந்தது அது. எனினும் முப்பதாண்டு கடந்தபின் தம் உள்ளத்தே ஆய்ந்து துணிந்து, தம் வாயால் அறிவித்துப் பெற்ற முழுக்கு அவருடையது. சபையால் ஆங்கிலிக்கராயினும் அனுபவத்தால் அவர் பன்யனுக்கு அணியர். ஊரும் உறவும் பிறிதொரு வழியில் நிற்கத் தான் மட்டும் புறப்படுதல் என்பது அவர்க்குக் கதையன்று, வாழ்ந்து கண்டது. பன்யனின் நூலை அவர் தேர்ந்ததன் காரணத்தை இங்கேதான் தேடுதல் வேண்டும். அந்நூலின் தமிழ் உரைநடையாக்கம் முன்னரே இருந்தும் மீண்டும் அதனைப் பாடப் புகுந்தமை, செய்தியை அறிவிப்பது மட்டும் அவர் நோக்கமன்று என்பதைக் காட்டும்.

அவர் தேர்ந்த வடிவம் பெருங்காப்பியம். ஆதி பருவம் முதல் இரட்சணிய பருவம் ஈறாக ஐந்து பருவங்கள். பாடல்கள் மூவாயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்டவை. பன்யன் நூலின் முதற்பகுதியே இதற்கு அடிப்படை. அதனோடு உலகத் தோற்றம் முதலாய செய்திகளையும், இரட்சணிய சரிதப் படலத்தில் கிறித்துவின் வாழ்வையும் பாடுகளையும் விரித்துப் பாடினார். பன்யனில் சிலுவை வழியில் ஒரு மேட்டின்மேல் நிற்பது. வழிப்போக்கன் அதனைக் கண்ட அளவில் முதுகின் சுமை தானே கழன்று உருண்டோடுகின்றது. சில வரிகளில் முடியும் காட்சி அது. படிப்போர் விவிலியம் அறிந்தவர் என்னும் உறுதி பன்யனுக்கு இருந்தது. தமிழ்ப் புலவர்க்கு அவ்வுறுதி இல்லை. ஆகவே சிலுவையின் வரலாற்றையே காப்பியத்துள் வைத்தார். இம்மாற்றத்தை மிகைப்பாடு எனக் கருதுதல் தவறு. தம் கேட்போரை அறிந்த ஆசிரியரின் செயல் இது.

இனி, காப்பிய வடிவம் வழிப்போக்கனை எவ்வாறு மாற்றியது என்பதைக் காண்போம். தமிழ்க் காப்பியத் தலைவன் வீட்டைவிட்டுப் புறப்படும் காட்சிக்கு நம் உள்ளத்தில் நிலைத்த முன்மாதிரி இராமன் காடேகுதல். அவன் தந்தை சொற்காக்கப் போகின்றான். மனைவியும் தம்பியும் உடன் செல்கின்றனர். நகரமே அழுது பின்தொடர்கின்றது. பன்யனின் வழிப்போக்கன் புறப்படுங்கால் ஊர் நகைக்கின்றது, வீடு தடுக்கின்றது. முன்னது குடும்ப அறத்தின் உச்சம். பின்னது குடும்ப அறத்தோடு முரண்படுவது. கம்பனின் நடையில் இத்தகைய புறப்பாட்டைப் பாடும்போது, நடை ஒரு பக்கமும் பொருள் ஒரு பக்கமும் இழுத்தல் இயல்பு. விருத்தத்தின் பெருமித ஓசை ஓடுபவனை நடப்பவனாக்கிவிடுகின்றது. செவியடைத்து ஓடும் ஏழையின் பதற்றம், தலைவனுக்குரிய மாண்பாக மாறுகின்றது. போற்றுவோர் வியக்கும் அவ்வோசையே ஈண்டுப் பொருளுக்குத் தடையாகின்றது.

வீண்சந்தை நகரில் வழித்துணைவன் மன்றத்தில் நிறுத்தப்பட்டுக் கொல்லப்படும் பகுதியையும் ஒப்பிடலாம். தமிழர்க்கு மன்ற விசாரணை என்றதும் நினைவிற்கு வருவது சிலப்பதிகாரம். அங்கே ஆராயாது தண்டித்த அரசன், தன் பிழை உணர்ந்த கணமே உயிர் நீக்கின்றான். அரசு தவறலாம், ஆயினும் அறம் அரசனுள்ளத்தே உறைகின்றது என்பது அக்காப்பியத்தின் நம்பிக்கை. பன்யனின் மன்றத்தில் நடுவனும் சான்றாளரும் முறைகாண் குழுவினரும் சட்டப்படியே அனைத்தும் செய்கின்றனர். எவரும் பிழை உணர்வதில்லை. சட்டம் தன்னளவில் ஒழுங்காக நடந்தும் கொடுமை செய்யும் என்பதைத் தாமே மன்றத்தில் நின்று கண்டவரின் எழுத்து அது. கிருட்டிணபிள்ளை இவ்விசாரணையை விடாது பாடினார். எனினும் காப்பிய உலகில் தீயோர் முன்னரே தீயோராக வரையப்படுகின்றனர். ஆதலின் கொலை அசுரர் செயலாகத் தோன்றுகின்றதேயன்றி, அண்டை வீட்டார் கூடிச் செய்த தீர்ப்பாகத் தோன்றுவதில்லை. பன்யனின் கசப்பு இங்கே மென்மையுறுகின்றது.

4. தேவாரத்தில் நின்ற உயிர்

இவ்வளவில் நிறுத்தினால் காப்பியம் தோற்றது என்ற முடிபே எஞ்சும். அம்முடிபு பிழை. ஏனெனில் நூலினிடையே ஆங்காங்குத் தேவாரம் என்னும் பெயரில் அமைந்த பாடல்களில் பிறிதொரு குரல் ஒலிக்கின்றது. காப்பியப் புலவர் அங்கே விலகி நிற்க, மன்றாடும் ஒருவன் இறைவன்முன் நேரே நின்று பேசுகின்றான். தன் சிறுமையைக் கூறுகின்றான், இரங்குமாறு வேண்டுகின்றான், அன்பை நினைந்து உருகுகின்றான். கதையின் தேவை அங்கே இல்லை, புனைந்துரை இல்லை, சொல்லும் எளிமையுறுகின்றது. ஆழ்வார்களின் குரலை இளமை முதற் கேட்டு வளர்ந்த செவிக்கு இந்நடை கற்றுக்கொள்ள வேண்டாதது.

இஃது ஏன் நிகழ்ந்தது? பன்யனின் உயிர்நிலை உருவகக் கதையின் கட்டுமானத்தில் இல்லை. 1666-இன் தன்வரலாற்றில் கேட்கும் நடுங்கும் குரலில் உள்ளது. மோட்சப் பயணம் அக்குரலுக்குப் பின்னர்ப் போர்த்த ஆடை. சபையின் முன் எழுந்து நின்று, தான் தாழ்ந்ததும் எடுக்கப்பட்டதும் கூறும் அடியவனின் அறிக்கையே பாப்டிஸ்டு மரபின் மூல இலக்கியம். தமிழில் அதற்கு நிகரான வகை காப்பியம் அன்று. பத்திப் பாடலே ஆம். பிறப்பும் குலமும் தாராத உறவை உள்ளத்தின் உருக்கத்தால் அடைதல் நம் பத்தி இலக்கியத்தின் அடிப்படை. வீட்டையும் உருவையும் துறந்து, தலையாலே நடந்து கயிலை சென்ற காரைக்கால் அம்மையாரின் கதையை அறிந்த நாட்டிற்குத் தனிவழிப் பயணியின் துணிவு புதிதன்று. கொள்கைகள் வேறு, வழிபடும் பெயர் வேறு, ஆயினும் தனியுள்ளம் பேசும் வகை இங்கே முன்னரே பண்பட்டிருந்தது. அப்பண்பட்ட நிலத்தில் விழுந்த வித்தே கிருட்டிணபிள்ளையின் தேவாரம். காப்பியத்தை முழுதும் படியாதவரும் இப்பாடல்களில் உள்ளம் தோய இயலும் என்பது இதனை உறுதிப்படுத்தும்.

5. வாராத பாதி

தனியுள்ளத்தின் துணிவு இவ்வாறு தமிழில் வந்தது. கூட்டம் வரவில்லை. இரண்டாம் பகுதியைக் காப்பியம் தழுவவில்லை; மனைவியும் மக்களும் வலியற்றோரும் கூடி நடக்கும் பயணம் தமிழ் விருத்தத்துள் இடம்பெறவில்லை. பெருங்காப்பியம் தன்னிகரில்லாத் தலைவனை வேண்டுவது. பலர் ஒருவரையொருவர் தாங்கி மெல்ல நடப்பது அதன் இலக்கணத்திற்கு ஒவ்வாதது. ஆகவே முதற்பகுதியோடு நிறைவுற்றமை தற்செயலன்று.

இவ்விடத்தில் காவிரிநாட்டுக் கிறித்தவத் தமிழை ஒப்பிடுதல் பயன் தரும். 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது முதல் இந்நாட்டில் வளர்ந்தது இலுத்தர் சபை மரபு. பாப்டிஸ்டு சபையாராகிய வில்லியம் கேரி 1793-இல் வங்கம் வந்து, 1800 முதல் சிராம்பூரில் நிலைத்தார். கிழக்கிந்தியக் கும்பினி மறைப்பணியாளரை விரும்பாத அக்காலத்தில் அவர்க்கு நிழல் தந்தது தென்மார்க்குக் கொடி. தரங்கம்பாடியின்மேல் பறந்ததும் அக்கொடியே. இரு துறைகளும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தும் இரு மரபுகள் வளர்ந்தன. தமிழ்ப் புலவருலகிற்குப் பன்யன் மரபு சபை வாயிலாக அன்று, நூல் வாயிலாகவே பெரிதும் அறிமுகமாயிற்று.

தஞ்சையில் சுவார்ட்சு ஐயரிடம் வளர்ந்து, இரண்டாம் சரபோசி மன்னரோடு பழகிய வேதநாயக சாத்திரியார் (1774-1864) தேர்ந்த வழி வேறு. அவரும் திருநெல்வேலிச் சீமையிற் பிறந்தவரே. ஆயினும் தஞ்சையின் இசையும் நாட்டியமும் சூழ்ந்த வாழ்வு அவரைக் குறவஞ்சிக்கும் நாடகத்திற்கும் கீர்த்தனைக்கும் ஈர்த்தது. பெத்லகேம் குறவஞ்சியின் தலைவி தேவமோகினி ஒரு தனிப்பெண் அல்லள். திருச்சபையே தலைவியாக உருக்கொண்டவள். கூட்டத்தைப் பாடுதற்கு அவர் கண்ட வழி அது. குறத்தியின் பேச்சும் சிங்கனின் ஆட்டமும் கற்றோரையும் கல்லாதோரையும் ஒருங்கே அமர்த்தின. ஆயினும் குறவஞ்சியில் தனியொருவனின் கலக்கத்திற்கு இடமில்லை. சபை ஏற்கெனவே மணமகள். அவள் எய்த வேண்டுவது கூட்டமே. ஒரு வடிவம் பன்யனின் ஒரு பாதிக்கும் மற்றொரு வடிவம் மறுபாதிக்கும் ஏற்புடைத்தாக, இரண்டையும் ஒருங்கு தாங்கும் வடிவம் கிறித்தவத் தமிழ்ச் செய்யுளில் அமையாது போயிற்று. இதுவே இவ்வொப்பீட்டால் பெறப்படும் முடிபு.

6. வாழ்விற்கும் பணிக்கும் உரிய படிப்பினை

இலக்கிய ஆய்வு இங்கே வாழ்வைத் தொடுகின்றது. மேற்கூறிய இரு கொள்கைகளும் பணியில் எவ்வாறு சோதனைக்குள்ளாயின என்பதைச் சென்னை மாகாண வரலாற்றில் காணலாம். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும்பஞ்சத்தில், ஒங்கோலில் பணியாற்றிய அமெரிக்கப் பாப்டிஸ்டு சான் கிளவ், பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியை ஏற்றுப் பசித்தோர்க்குக் கூலி கிடைக்கச் செய்தார். அக்காலத்தில் திருமுழுக்கு வேண்டி வந்தோர் பலர். சோற்றுக்காக வந்தனரோ என்னும் ஐயத்திற்கு இடமிருக்கும் வரை முழுக்களித்தலை அவர் நிறுத்தி வைத்தார். உதவி நின்ற பின்னும் அவர்கள் வந்தபோதுதான் இசைந்தார். 1878 சூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் 2,222 பேர் முழுக்குப் பெற்றனர். நினைவிற் கொள்ளத்தக்கது அவ்வெண்ணின் பெருமை அன்று, அதன் முன் நின்ற காத்திருப்பு. துணிவு தன்னுரிமையுடையதாதல் வேண்டும் என்னும் கொள்கைக்கு அவர் கொடுத்த விலை அது.

கூட்டத்தின் கொள்கைக்குத் தமிழகத்திலேயே சான்று உண்டு. இங்கிலாந்தில் 1861-இல் தோன்றிய கட்டுப்பாட்டுப் பாப்டிஸ்டு மறைப்பணிச் சங்கத்தைச் சேர்ந்த செசி பிராண்டு, ஓரி ஆண்ட கொல்லிமலையில் மனைவி எவெலினோடு வாழ்ந்து, மருந்தும் கல்வியும் உழவுப் பயிற்சியும் மலைவாழ் மக்களுக்கு அளித்து, 1929-இல் காய்ச்சலால் மறைந்தார். எவெலின் பணி ஓய்வு பெற்ற பின்னும் மலைக்கே மீண்டு, 1974-இல் இறக்கும் வரை மக்களோடு இருந்தார். இவர்களுடைய பணி மலையூர்ப் பேச்சுத் தமிழில் நிகழ்ந்தது. முதியவளாய்க் குதிரைமேல் ஊர்தோறும் சென்ற அவ்வம்மையாரின் வாழ்வு பன்யனின் இரண்டாம் பகுதியை ஒத்தது. மெல்ல நடப்போர்க்காகக் காத்திருந்த வாழ்வு அது.

இச்சங்கத்தின் பெயரிலுள்ள கட்டுப்பாடு என்னும் சொல், திருவிருந்தின் வாயிலைக் குறுக்குவது. 1673-இல் பன்யன் எதிர்த்து வாதிட்டது இக்குறுக்கத்தையே. கொள்கையால் பன்யனுக்கு மறுதலையாய சங்கத்தார், பணியால் அவர்க்கு அணியராயினர். கிருட்டிணபிள்ளை சபையால் வேறாயினும் அனுபவத்தால் அணியரானமையை மேலே கண்டோம். சபைப் பெயரைக் கொண்டு இலக்கிய உறவையோ வாழ்வின் உறவையோ அளத்தல் கூடாது என்பது இவற்றால் தெளிவாகும்.

7. கடைமடையும் காப்பியமும்

தழுவலை மதிப்பிடுதற்கு இக்கட்டுரை கொள்ளும் அளவுகோல் காவிரிநாட்டு உழவர் நன்கறிந்த ஒன்று. மேட்டூர் அணை நிறைவுற்ற 1934-ஐ ஒட்டிக் கல்லணையினின்று வெட்டப்பட்ட கால்வாயைத் தஞ்சையார் புது ஆறு என்பர். தஞ்சை நகரைக் கடந்து பட்டுக்கோட்டைப் பக்கம் ஓடி, பேராவூரணிப் பகுதியின் வயல்களை அடையும்போது அது கடைமடையாகின்றது. தலைமடையில் நீர் கரைபுரண்டோடுதலைக் கண்டு பேராவூரணி உழவன் நாற்று விடுவதில்லை. கடைமடை வாய்க்காலில் நீர் ஏறியதா என்பதே அவனுடைய வினா. வாய்க்கால் அழகாக வெட்டப்பட்டிருத்தலோ, கரை உயர்ந்திருத்தலோ அவ்வினாவிற்கு விடையாகா.

இரட்சணிய யாத்திரிகத்தை அவ்வினாவோடு அணுகுதல் வேண்டும். பெட்போர்டில் பாத்திரம் அடைத்தவனின் சொல், நெல்லைப் புலவரின் விருத்தத்தில் பேராறாகப் பெருகியது உண்மை. அப்பெருக்கைக் கண்டு கிறித்தவக் கம்பர் என்று போற்றுதல் தலைமடையில் நின்று கூறும் மதிப்புரை. பன்யன் யாருக்காக எழுதினாரோ, அவர்க்கு நிகரான தமிழரிடம் அந்நீர் சென்றதா என்பது கடைமடையின் வினா. விருத்தங்களின் வழியே அது பெரிதும் செல்லவில்லை. இன்று அவை முதுகலை மாணவரின் பாடப்பகுதியாகவும் ஆய்வேட்டின் பொருளாகவுமே மிகுதியும் நிற்கின்றன. தேவாரப் பாடல்களின் வழியே சென்றது. நூலுள் மிகச் சிறிய பகுதி மிக நெடுந்தொலைவு பாய்ந்தமை, வாய்க்காலின் அகலம் நீரின் தொலைவைத் தீர்மானிப்பதில்லை என்பதைக் காட்டுகின்றது.

ஆகவே, முதனூலன்று என ஒதுக்குவோர்க்கு நம் விடை: தேவாரப் பகுதிகளில் இது முதனூலே, பன்யன் தமிழராய்ப் பிறந்திருப்பின் பாடியிருக்கக்கூடிய வகையில் அமைந்தது. காப்பியம் என்பதனாலேயே போற்றுவோர்க்கு நம் விடை: காப்பிய வடிவம் இந்நூலுக்குப் பெருமை தந்ததோடு, கூட்டத்தையும் எளிமையையும் விலையாகக் கொண்டது.

முதுகலை ஆய்வாளர் இனி மேற்கொள்ளத்தக்க பணி இரண்டு. பன்யனின் தமிழ் உரைநடையாக்கங்களை இக்காப்பியத்தோடு பகுதி பகுதியாக வைத்து, உரையாடலின் இயல்பு எங்கே காக்கப்பட்டது, எங்கே இழக்கப்பட்டது எனக் காணுதல் ஒன்று. தேவாரப் பாடல்களைத் தனித் தொகுதியாக எடுத்து, நாலாயிரத்தின் சொல்லாட்சியோடும் விவிலியத்தின் சங்கீதங்களோடும் ஒப்பிட்டு, அத்தனிக்குரல் உருவான முறையை விளக்குதல் மற்றொன்று. கூட்டத்தின் பயணத்தைத் தமிழில் பாடும் பணியோ ஆய்வாளருடையதன்று. அது பன்யனின் இரண்டாம் பகுதியைத் தமிழாற் பாட வல்ல ஒரு புலவர்க்காக இன்னும் காத்திருக்கின்றது.